உரிமையும் சலுகையும்: நகராட்சிக் கடன் பத்திரங்களின் வரி விலக்கு குறித்து

நகர்ப்புற நிதி பற்றிய உரையாடல்களில் ஒரு கூற்று அடிக்கடி எழுகிறது. அமெரிக்க நகரங்கள் தம் குடிநீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் கால்வாய்களையும் பள்ளிக் கட்டடங்களையும் வரி விலக்குப் பெற்ற கடன் பத்திரங்களைக் கொண்டே அமைத்துக்கொண்டன. அதே விலக்கை இந்திய நகரங்களுக்கும் வழங்கினால் போதும், அவையும் தம் காலில் நிற்கும் என்பதே அக்கூற்று. ஆய்வு மாணவர் ஒருவர் அண்மையில் இதனையே என்னிடம் கேள்வியாக முன்வைத்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய மறுமொழி நீண்டுவிட்டமையால் தனிப் பதிவாக இங்கே இடுகிறேன்.

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியா அந்த விலக்கை ஏற்கெனவே வழங்கிப் பார்த்துள்ளது. 2002-இல் அகமதாபாத் மாநகராட்சி வரி விலக்குப் பெற்ற கடன் பத்திரங்களை வெளியிட்டது. வேறு சில நகரங்களும் அதனைப் பின்தொடர்ந்தன. அம்முயற்சி ஏன் தழைக்கவில்லை என்பதற்கான விடையை வருமான வரிச் சட்டத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. அகமதாபாத் நகர எல்லையில் ஒரு காலத்தில் நின்றிருந்த ஆக்ட்ராய்ச் சாவடிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. விலக்கின் கணக்கு

வரலாற்றுக்குள் நுழையுமுன் இவ்விலக்கு இயங்கும் விதத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கிக்கொள்வோம். ஒருவர் தம் வருமானத்தில் 30 விழுக்காட்டை வரியாகச் செலுத்துபவர் எனக் கொள்க. 10 விழுக்காடு வட்டி தரும் பத்திரத்தில் அவர் முதலிட்டால் வரி போக அவர் கையில் எஞ்சுவது 7 விழுக்காடு. வட்டிக்கு வரியில்லை என்றால், 7.5 விழுக்காடு தரும் நகராட்சிப் பத்திரமே அவருக்கு ஆதாயம். நூறு கோடி ரூபாய்க் கடனில் நகராட்சிக்கு ஆண்டுதோறும் இரண்டரைக் கோடி மிச்சமாகிறது; கடன் கொடுத்தவருக்கு அரைக்கோடி கூடுதலாகக் கிடைக்கிறது; மத்திய அரசு மூன்று கோடி வரியை இழக்கிறது.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, வரி விலக்கு என்பது மத்திய அரசு நகரத்துக்கு மறைமுகமாக வழங்கும் மானியம்; அதில் ஒரு பங்கு செல்வந்தரின் கைக்குப் போய்ச் சேருகிறது. மற்றொன்று, கடன் பெறும் தகுதி முன்னரே உள்ள நகரத்துக்குத்தான் அது உதவும். திருப்பிச் செலுத்த வழியற்ற நகரத்துக்கு வரி விலக்கு இருந்தாலும் கடன் கொடுக்க எவரும் முன்வாரார். விலக்கு கடனின் விலையைக் குறைக்கும். கடன் பெறும் தகுதியை அது உண்டாக்காது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

2. அமெரிக்கா: வழக்கில் பிறந்த விலக்கு

அமெரிக்காவில் இவ்விலக்கு வளர்ச்சித் திட்டமாகப் பிறக்கவில்லை. யாருக்கு யார் வரி விதிக்கலாம் என்ற கூட்டாட்சிச் சிக்கலிலிருந்து அது தோன்றியது. 1819-இல் மக்கல்லக் எதிர் மேரிலாந்து வழக்கில், மத்திய அரசு நிறுவிய வங்கிக்கு மாநிலம் வரி விதிக்கலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தர்க்கம் காலப்போக்கில் எதிர்த்திசையிலும் பொருத்தப்பட்டது. மாநிலத்தின் செயற்பாடுகளுக்கு மத்திய அரசும் வரி விதிக்கலாகாது என்ற கோட்பாடு 1871-இல் ஒரு மாநில நீதிபதியின் ஊதியத்துக்கு விதிக்கப்பட்ட வரி குறித்த வழக்கில் நிலைபெற்றது.

1894-இல் கொண்டுவரப்பட்ட வருமான வரிச் சட்டம் மறு ஆண்டே பொல்லாக் வழக்கில் வீழ்ந்தது. அவ்வழக்கில் எழுந்த வினாக்களுள் ஒன்று, நியூயார்க் நகரப் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய அரசு வரி விதிக்கலாமா என்பது. அந்த வட்டிக்கு விதிக்கும் வரி, மாநிலமும் அதன் உறுப்பான நகரமும் கடன் வாங்கும் அதிகாரத்தின் மீதே விதிக்கப்படும் வரி என்று நீதிமன்றம் கருதியது. ஆகவே அது செல்லாது என்றாயிற்று.

பின்னர் வருமான வரிக்கு வழிவிடும் அரசமைப்புத் திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலுக்கு வந்தபோது, 1910-இல் நியூயார்க் ஆளுநராயிருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். எம்மூலத்திலிருந்து வரும் வருமானத்துக்கும் வரி விதிக்கலாம் என அத்திருத்தம் கூறுவதால், மாநிலப் பத்திரங்களின் வட்டியும் அதற்குள் அடங்கிவிடும் என்று அவர் அஞ்சினார். அவ்வாறு நேராது எனத் திருத்தத்தின் ஆதரவாளர்கள் உறுதி கூறினர். 1913-இல் திருத்தம் நிறைவேறி, அதே ஆண்டு இயற்றப்பட்ட வருமான வரிச் சட்டம் மாநில, நகராட்சிப் பத்திரங்களின் வட்டியை விலக்கி வைத்தது.

விலக்கை அகற்றும் முயற்சிகள் பிற்காலத்தில் பலமுறை நடந்தன. 1920-களில் கருவூலச் செயலர் ஆண்ட்ரூ மெலன் அதனைச் செல்வந்தரின் வரித் தப்பிடம் எனச் சாடினார். 1938-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அதனை நீக்கக் கோரினார். எம்முயற்சியும் வெல்லவில்லை. இறுதியில் 1988-இல் தென் கரோலினா எதிர் பேக்கர் வழக்கில், பொல்லாக் தீர்ப்பின் அப்பகுதி இனிச் செல்லாது, காங்கிரஸ் விரும்பினால் அந்த வட்டிக்கு வரி விதிக்கலாம் என உச்ச நீதிமன்றமே அறிவித்தது.

அன்றோடு அரசமைப்பு உரிமையாக இருந்த விலக்கு, காங்கிரஸ் தரும் சலுகையாக மாறிற்று. ஆயினும் இன்றும் அது நீடிக்கிறது; அச்சந்தையில் நிலுவையிலுள்ள கடன் ஏறத்தாழ 4 லட்சம் கோடி டாலர். சட்டக் காப்பு நீங்கிய பின்னும் விலக்கு நிலைத்தது எவ்வாறு? சொத்து வரி போன்ற சொந்த வருவாயை அடித்தளமாகக் கொண்டு பல்லாயிரம் உள்ளாட்சி அமைப்புகள் கடன் வாங்குகின்றன. அவற்றின் பத்திரங்களைப் பெரும்பாலும் தனிநபர்கள் நேரடியாகவோ பரஸ்பர நிதிகள் வழியாகவோ வைத்திருக்கின்றனர். விலக்கில் கைவைத்தால் இவ்விரு தரப்பின் எதிர்ப்பையும் ஒருங்கே சந்திக்க வேண்டியிருக்கும். நீதிமன்றம் கைவிட்டதை அரசியல் வலிமை காத்து நிற்கிறது.

3. இந்திய நகரத்தின் சட்ட நிலை

இந்தியாவில் நகராட்சிக் கடன் புதியதன்று. காலனி ஆட்சியிலேயே உள்ளாட்சிக் கடன்களை ஒழுங்குபடுத்தச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1914-ஆம் ஆண்டின் உள்ளாட்சி அமைப்புகள் கடன் சட்டம் அவற்றுள் முக்கியமானது. எதற்காக வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம், எந்த வருவாயை ஈடாக வைக்கலாம் என்பனவற்றை அரசே தீர்மானிக்கும் மரபு அப்போதே வேரூன்றியது.

விடுதலைக்குப் பின்னும் அம்மரபு பெரிதும் மாறவில்லை. அரசமைப்பின் 289-ஆம் பிரிவு மாநிலத்தின் சொத்துக்கும் வருமானத்துக்கும் மத்திய வரியிலிருந்து விலக்களிக்கிறது. மாநிலத்துக்கோ நகராட்சிக்கோ கடன் கொடுத்தவர் பெறும் வட்டியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. நகராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி வழங்கிய 74-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 243-எக்ஸ் பிரிவு வரிகள், ஒதுக்கப்பட்ட வருவாய்கள், மானியங்கள், நிதியங்கள் ஆகியவற்றைப் பேசுகிறது. எந்த வரியை நகராட்சி விதிக்கலாம் என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும். கடன் வாங்கும் அதிகாரம் குறித்து அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

ஆக, அமெரிக்காவில் விலக்குக்கு அடிப்படையாயிருந்த வாதம், அதாவது நகரத்தின் கடன் அதிகாரம் மாநில இறையாண்மையின் ஓர் அங்கம் என்னும் வாதம், இந்தியாவில் எழுவதற்கே இடமில்லாதிருந்தது. இங்கு விலக்கு வருமாயின் மத்திய அரசின் அறிவிக்கையாகவே வர இயலும்.

4. அகமதாபாத், 1994 முதல் 1998 வரை

1980-களில் அகமதாபாத்தின் பஞ்சாலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சபர்மதியின் கிழக்கே தொழிலாளர் குடியிருப்புகள் வேலையிழப்பில் தத்தளித்தன. அப்பகுதிகளில் குழாய் நீரும் கழிவுநீர் வடிகாலும் போதுமான அளவு இல்லை. மாநகராட்சியின் நிதிநிலையோ இன்னும் மோசம். 1994 வாக்கில் திரண்ட இழப்பு சுமார் 35 கோடி ரூபாய்.

அவ்வாண்டு ஆணையராகப் பொறுப்பேற்ற கேசவ் வர்மாவின் காலத்தில் நடந்த சீர்திருத்தம் நகர்ப்புற நிதி வரலாற்றில் பலரும் எடுத்துக்காட்டும் ஒன்று. அது கடனில் தொடங்கவில்லை, வரி வசூலில் தொடங்கியது. நகருக்குள் நுழையும் சரக்கின் மீது எல்லைச் சாவடியில் விதிக்கப்படும் ஆக்ட்ராய் மாநகராட்சியின் தலையாய வருவாய். சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டும் வழக்கம் கட்டுப்படுத்தப்பட்டது. சொத்து வரி நிலுவை வைத்திருந்தோர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. கணக்கியலும் மேலாண்மையும் பயின்றோர் பணியமர்த்தப்பட்டனர். சில ஆண்டுகளிலேயே இழப்பு மறைந்து உபரி தோன்றியது.

அதன் பிறகே கடன் பற்றிய பேச்சு வந்தது. 1996-இல் கிரிசில் நிறுவனம் மாநகராட்சியின் கடன் தகுதியை மதிப்பிட்டது. உள்கட்டமைப்பை வணிக அடிப்படையில் நிறுவுவது குறித்த ராகேஷ் மோகன் குழுவின் அறிக்கையும் அதே ஆண்டு வெளியாகி, நகரங்கள் சந்தையை நாட வேண்டுமென்ற கருத்துக்கு வலுவூட்டியது. 1997-இல் பெங்களூரு மாநகராட்சி 125 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. அதற்கு மாநில அரசின் உத்தரவாதம் இருந்தது. 1998 ஜனவரியில் அகமதாபாத் 100 கோடி ரூபாய்க்கு வெளியிட்ட பத்திரத்துக்கு அத்தகைய உத்தரவாதம் எதுவும் இல்லை. வட்டி 14 விழுக்காடு, தவணை ஏழாண்டு, நோக்கம் குடிநீரும் கழிவுநீர் வடிகாலும்.

மாநில உத்தரவாதத்தின் இடத்தில் இருந்தது ஆக்ட்ராய். குறிப்பிட்ட சில சாவடிகளின் வசூல் நேரே ஒரு தனிக் கணக்குக்குச் செல்லும். அதிலிருந்து பத்திரதாரருக்குரிய தொகை முதலில் ஒதுக்கப்படும். எஞ்சியதே மாநகராட்சியின் பொதுக் கணக்கை அடையும். அன்றாடம் வந்து நிற்கும் லாரிகளிடமிருந்து அன்றாடம் வசூலாகும் ரொக்கம் என்பதால், கடன் கொடுப்போருக்கு அதைவிடத் தெளிவான பிணை வேறில்லை. அன்று வரி விலக்கும் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். விலக்கு வருமுன்பே அகமதாபாத் சந்தையில் தன் பெயரால் கடன் பெற்றுவிட்டது.

5. வரி விலக்கு வந்த பின்

1999-ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் நகராட்சிப் பத்திரங்களுக்கு வரி விலக்கு அறிவிக்கப்பட்டது. வருமான வரிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் அதற்கு இடம் செய்யப்பட்டு, 2001-இல் வழிகாட்டு நெறிகள் வெளியாயின. குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, சாலை, பாலம் போன்ற மூலதனப் பணிகளுக்கே தொகை செலவிடப்பட வேண்டும். திட்டத்தை முன்கூட்டியே ஆராய்ந்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பின்னரே விலக்கு செல்லும்.

2002-இல் அகமதாபாத் 9 விழுக்காடு வட்டியில் 100 கோடி ரூபாய் திரட்டியது. 2003-இல் ஹைதராபாத் மாநகராட்சி 8.5 விழுக்காட்டில் 82.5 கோடி திரட்டியது. சென்னைக் குடிநீர் வாரியம், விசாகப்பட்டினம், நாக்பூர் முதலியனவும் இவ்வழியை நாடின. 14 விழுக்காடு 9 ஆகக் குறைந்தது முழுவதும் வரி விலக்கின் பயன் என எழுதுவோர் உளர். அது சரியன்று. 1998 தொடக்கத்தில் 12 விழுக்காட்டை ஒட்டியிருந்த பத்தாண்டு மத்திய அரசுப் பத்திரங்களின் வட்டி 2002-இல் 8-க்கும் கீழே இறங்கியிருந்தது. பொதுவான வட்டிச் சரிவையும் விலக்கின் பயனையும் பிரித்தறியாமல் எழுதப்படும் கட்டுரைகளை மாணவர்கள் எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் நீண்டகாலப் பணம் பெருமளவில் வைப்பு நிதிகளிடம் திரண்டிருக்கிறது. அந்நிதிகளின் வருமானத்துக்குப் பெரும்பாலும் முன்பே வரி இல்லை. வரி செலுத்தாத நிறுவனத்துக்கு வரி விலக்குப் பத்திரத்தால் என்ன பயன்? வட்டி குறைவு என்பதே அதற்கு எஞ்சும். அமெரிக்காவில் தனிநபர்களைச் சார்ந்து வளர்ந்த ஒரு கருவி, வேறு வகை முதலீட்டாளர்கள் நிறைந்த சந்தைக்குப் பெயர்க்கப்பட்டபோது அதன் கூர்மை மழுங்கிற்று.

அக்காலத்தில் நகராட்சிகளும் குடிநீர் வாரியங்களும் வரி விலக்குப் பத்திரங்கள் வாயிலாகத் திரட்டிய மொத்தத் தொகை ஆயிரம் கோடி ரூபாயைக்கூடத் தொடவில்லை. இதனோடு ஒன்றை ஒப்பிடுக. 2011-12-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இந்திய ரயில்வே நிதிக் கழகம், ஹட்கோ, துறைமுகங்கள் ஆகியன வரி விலக்குப் பத்திரங்களால் 30,000 கோடி ரூபாய் திரட்ட அனுமதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கை அந்த வரம்பை 60,000 கோடியாக இரட்டித்தது. ஒரே வகைச் சலுகை, ஒரே சட்டப் பிரிவு. ஆனால் அதன் பெரும்பயனை அடைந்தவை மத்திய அரசின் சொந்த நிறுவனங்கள். சலுகை வழங்கும் கை யாருடையதோ, அவருடைய வீட்டாரே முதலில் பந்தியில் அமர்ந்தனர்.

6. சாவடிகள் மூடப்பட்ட கதை

2005 இறுதியில் ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புற மறுசீரமைப்புத் திட்டம் தொடங்கியது. பெருமளவு மானியம் கிடைக்கையில் வட்டிக்கு வாங்க எந்த நகரமும் விரும்பாது. பத்திர வெளியீடுகள் மெல்ல ஓய்ந்தன.

2007 நவம்பரில் குஜராத் அரசு ஆக்ட்ராயை ஒழித்தது. அதற்கு நியாயங்கள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. சாவடிகளில் லாரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன, கையூட்டு மலிந்தது, வரியின் சுமை இறுதியில் பொருள் வாங்குவோர் தலையில் விழுந்தது. பொருளியலாளர் பலரும் அதனைப் பிற்போக்கான வரி என்றே மதிப்பிட்டனர். எனினும் அதன் இடத்தில் வந்தது என்ன என்பதே நகர்ப்புற நிதி ஆய்வாளரின் கேள்வியாக இருக்க வேண்டும். நகரம் தானே வசூலித்த வரிக்கு ஈடாக மாநில அரசு வழங்கும் இழப்பீட்டு மானியம் வந்தது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மும்பைக்கும் இதுவே நேர்ந்தது. புதிய வரியின் பங்கீடு மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே வகுக்கப்பட்டது. நகரங்களுக்கென அரசமைப்பு வகுத்த பங்கு எதுவும் அதில் இல்லை.

1998-இன் பத்திரத்துக்குப் பிணையாக நின்றது சாவடியில் அன்றாடம் விழுந்த பணம். அந்நகரமே அதற்கு உரிமையாளர். மானியமோ பிறர் முடிவு செய்து, பிறர் குறிக்கும் நாளில் வருவது. வருமான வரிச் சட்டத்தில் விலக்கு எழுத்தளவில் இருந்தது. அந்த விலக்கு எதன்மேல் நின்று பயன் தர வேண்டுமோ, அந்தச் சொந்த வருவாய் சுருங்கிவிட்டது.

இதற்கு மாறான ஒரு முயற்சியையும் பதிவு செய்வது நேர்மை. சிறு நகரங்கள் தனித்தனியே சந்தையை அணுக இயலாது என்பதால், 2002-இல் தமிழ்நாட்டில் 13 உள்ளாட்சி அமைப்புகள் ஒரு கூட்டு நிதியத்தின் வாயிலாக 30.41 கோடி ரூபாய் திரட்டின. அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுவனம் உத்தரவாதம் அளித்தது. அங்கும் கடன் கொடுத்தோரை இணங்கச் செய்தவை வருவாய் ஒதுக்கீடும் உத்தரவாதமுமே.

7. இன்றைய நிலை

2015-இல் செபி நகராட்சிப் பத்திரங்களுக்கென விதிமுறைகளை வகுத்தது. 2017-இல் புணே மாநகராட்சி 7.59 விழுக்காட்டில் 200 கோடி திரட்டியது. 2019-இல் அகமதாபாத் மீண்டும் சந்தைக்கு வந்து 8.7 விழுக்காட்டில் 200 கோடி பெற்றது. இம்முறை வரி விலக்கு இல்லை. 2023-இல் இந்தூர், நர்மதை நீரை இறைக்கும் மின்சாரத்துக்கான சூரிய ஆற்றல் நிலையத்தின் பொருட்டு 244 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரங்களைப் பொதுமக்களுக்கே நேரடியாக வெளியிட்டது.

வரி விலக்கின் இடத்தில் இப்போது ஊக்கத்தொகை வந்துள்ளது. அம்ருத் திட்டத்தின் கீழ் நகரம் திரட்டும் ஒவ்வொரு 100 கோடிக்கும் மத்திய அரசு 13 கோடி வழங்கியது. அமெரிக்காவும் 2009, 2010 ஆண்டுகளில் இதையொத்த ஒன்றைச் செய்து பார்த்தது. வரி விலக்குக்குப் பதிலாக, வட்டியில் 35 விழுக்காட்டை மத்திய அரசே நேரடியாகத் திருப்பிக் கொடுக்கும் பத்திரங்கள் அப்போது வெளியாயின. செல்வந்தருக்கு இடையில் கசியும் பங்கு இம்முறையில் மிச்சமாகிறது என்பது உண்மை. ஆயினும் 2013-இல் மத்தியச் செலவுக் குறைப்பு வந்தபோது, வாக்களித்த அத்தொகையும் வெட்டுக்கு உள்ளாயிற்று. பிறர் கொடுப்பதை நம்பி இருபது, முப்பது ஆண்டுக் கடன் வாங்குவதில் உள்ள இடர் இதுதான்.

இந்திய மாநகராட்சிகளின் வருவாய் பத்தாண்டுக்கும் மேலாக நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 விழுக்காட்டிலேயே தேங்கி நிற்கிறது என ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது. மாணவர் கேட்ட கேள்விக்கு என் விடை இதிலிருந்தே பிறக்கிறது. வரி விலக்கை மீட்டு வழங்குவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சொத்து வரியைச் சந்தை மதிப்போடு இணைத்து விதிக்கும் அதிகாரமும், சரக்கு சேவை வரியில் சட்டப்படி உறுதி செய்யப்பட்ட ஒரு பங்கும் நகரத்துக்கு முதலில் வேண்டும். அவை இன்றி வரும் விலக்கு, ஏற்கெனவே வசதியுள்ள நான்கைந்து நகரங்களுக்கு வட்டியில் சிறிது மிச்சம் தரும். கிழக்கு அகமதாபாத்தைப் போன்ற பகுதிகளைத் தம்முள் கொண்ட மற்ற நகரங்களை அது எட்டாது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திர வெளியீட்டை ஆராய்வோர் வட்டி விகிதத்தோடு நின்றுவிட வேண்டாம். அதற்கு ஈடாக வைக்கப்பட்ட வருவாய் எது, அதனை வசூலிப்பவர் யார், அதனை ஒழிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பனவற்றையும் தேடுங்கள். மாநகராட்சிகளின் பழைய வரவு செலவு அறிக்கைகளில் இதற்கான சான்றுகள் ஏராளம். உங்கள் நகரத்தின் ஆக்ட்ராய், நுழைவு வரி பற்றிய ஆவணங்களைக் கண்டவர்கள் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் நன்றியுடையேன். மாற்றுக் கருத்துகளையும் வரவேற்கிறேன்.